உப்பு காய்ச்சின மண் நம்ம மண்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத குழுக்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இன்னைக்கு உப்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. காரணம் இருக்கு. கடலோரத்துக் குழு ஒன்று கூட்டமைப்புக்கு ஒரு மனு கொடுத்திருக்கு. "அடுப்பில் காய்ச்சி, சட்டியில் சுட்டு எடுக்கிற உப்புக்கு வெளிநாட்டில் நல்ல விலையாம். நாங்களும் கையால் செய்து விற்கலாம்னு இருக்கோம். கடன் வேணும்" என்று கேட்டிருக்காங்க. நல்ல கேள்வி. கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்று கை தூக்குவதற்கு முன்னாடி, அந்தத் தொழில் என்ன, செலவு என்ன, சட்டம் என்ன என்று எல்லோரும் தெரிஞ்சுக்கணும். கடன் அவங்க வாங்கினாலும் பொறுப்பு நம்ம எல்லோருக்கும்தானே?

கடல் இல்லாத ஊரில் உப்பு

முதலில் ஒரு செய்தி. அடுப்பு உப்பு என்பது வெளிநாட்டுச் சரக்கு மட்டும் இல்லை. நம்ம புதுக்கோட்டையில் நடந்த தொழில்தான்.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் இப்போ நம்ம மாவட்டம். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14-இல். அதற்கு முன்னால் அந்தக் கடற்கரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ராஜா காலத்துப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. கடல் இல்லாத ஊரில் கஞ்சிக்கு உப்பு எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்துதான் எடுத்தாங்க.

கோடையில் சில நிலத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்குமே, உவர் மண், பார்த்திருப்பீங்க. அதைச் சுரண்டிக் கூட்டிக்கிட்டு வந்து, அடியில் வடியும்படி அமைச்ச தொட்டியில் போட்டு, மேலே தண்ணி ஊத்துவாங்க. மண்ணில் இருக்கிற உப்பு தண்ணியில் கரைஞ்சு, சொட்டுச் சொட்டாகக் கீழே வைச்ச பானையில் இறங்கும். அந்த உப்புத் தண்ணியை வெயிலில் காயவைப்பதும் உண்டு, அடுப்பில் சட்டி வைச்சுக் காய்ச்சுவதும் உண்டு. தண்ணி வற்ற வற்ற உப்பு அடியில் நிற்கும். இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்த மக்களுக்கு உப்பிலியர் என்றே பெயர் வந்தது.

அந்தத் தொழில் எப்படிப் போச்சு? வெள்ளைக்காரர் ஆட்சியில் உப்பு அரசாங்கத்தின் தனிச் சொத்து. சென்னை மாகாணத்தில் 1805-லேயே உப்பு வியாபாரத்தைக் கம்பெனி தன் கைக்குள் கொண்டு வந்துவிட்டது. நடுவில் ஒரு சமஸ்தானத்தில் ஜனங்கள் மண்ணிலிருந்து உப்பு எடுத்தால், வரி போட்ட உப்பு எப்படி விற்கும்? அதனால் 1887-இல் சமஸ்தானத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டாங்க. மண் உப்பு எடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்குக் கொடுத்தாங்க.

இதை நல்லா யோசிங்க சகோதரிகளே. நின்று போனது யார் வீட்டு அடுப்பு? பணம் போனது எந்தப் பெட்டிக்கு? மண்ணைச் சுரண்டிக் கூடையில் சுமந்த பெண்ணை அழைத்து "உனக்கு இதில் சம்மதமா?" என்று அந்த ஒப்பந்தத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. உப்பு எடுத்தவங்களில் பலர் பின்னாளில் மண் வெட்டவும், குளம் குட்டை தோண்டவும் போனாங்க. கைத்தொழில்காரங்க கூலிக்காரங்க ஆனாங்க. நம்ம பிழைப்பைப் பற்றிப் பேசுகிற இடத்தில் நாம இல்லைன்னா என்ன நடக்கும் என்பதற்கு இது நம்ம ஊர்ப் பாடம்.

பக்கத்தில் வேதாரண்யத்தில் 1930-இல் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 13-இல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்து, 28-இல் வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி தடையை மீறி உப்பு எடுத்தாங்க. அந்த உப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போன பெண்களில் ஒருவர் ருக்மிணி லட்சுமிபதி. பின்னாளில் சென்னை மாகாணத்தில் மந்திரியாக இருந்தவர். உப்பு வரி 1947-இல்தான் ஒழிந்தது. ஆக, ஒரு பிடி உப்புக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கு.

பிலிப்பைன்ஸ் நாட்டு முட்டை உப்பு

இப்போ அந்தக் குழு சொன்ன வெளிநாட்டு உப்புக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் நாட்டில் போஹோல் என்று ஒரு தீவு. அங்கே 'ஆசின் திபுவோக்' என்று ஓர் உப்பு செய்யறாங்க. உடையாத முழு உப்பு என்று பொருள்.

தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் கடல் தண்ணியில் ஊறப்போடுவாங்க. பிறகு நறுக்கிக் காயவைச்சு, நாள்கணக்கில் மெதுவாகப் புகைய விட்டு எரிச்சுச் சாம்பலாக்குவாங்க. அந்தச் சாம்பலைக் கூம்பு மாதிரி வடிகட்டியில் போட்டு, மேலே கடல் தண்ணி ஊத்துவாங்க. கீழே இறங்குவது கெட்டியான உப்புத் தண்ணி. நம்ம உவர் மண் தொட்டி மாதிரியே இல்லையா? பிறகு மண் சட்டிகளைச் சூளை அடுப்பில் வரிசையாக வைச்சு, அந்தத் தண்ணியை ஊத்தி ஊத்திக் காய்ச்சுவாங்க. வற்ற வற்ற ஊத்திக்கிட்டே இருக்கணும். கடைசியில் சட்டி நிறைய உப்பு பாறையாக இறுகி, சூட்டில் சட்டியே விரிசல் விட்டுவிடும். பாதி உடைஞ்ச சட்டியோடு முட்டை மாதிரி நிற்கிற அந்த உப்பைத்தான் விற்கிறாங்க. கொரியா நாட்டில் மூங்கில் குழாய்க்குள் கடல் உப்பை அடைச்சு, களிமண்ணால் மூடி, சூளையில் ஒன்பது தடவை சுடுகிற வழக்கமும் இருக்கு.

கேட்க ஆசையாகத்தான் இருக்கு. ஆனால் போஹோலில் இந்தத் தொழிலைச் செய்கிற குடும்பங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைஞ்சு போச்சு. மலிவான உப்பு கடைக்கு வந்தது ஒரு காரணம். உப்பில் அயோடின் சேர்க்கணும் என்று 1995-இல் அந்த நாட்டில் வந்த சட்டம் இன்னொரு காரணம். மிச்சம் இருப்பவங்க பெரிய ஓட்டல்காரங்களுக்கும் வெளிநாட்டுக்கும் விற்றுத்தான் நிற்கிறாங்க. விலை கூடுதல் என்பது உண்மை. வாங்குகிறவர் கொஞ்சம் என்பதும் உண்மை.

சுடுவதால் உப்புக்கு என்ன ஆகும்? நாமளே ஊறுகாய் போடும்போது கல் உப்பை வாணலியில் வறுக்கிறோம். படபடன்னு வெடிக்கும். கல்லுக்குள் மாட்டிக்கிட்டிருக்கிற தண்ணி ஆவியாகி வெடிச்சு வெளியே வருது. உப்போடு கலந்திருக்கும் மக்னீசியம் என்ற கசப்புச் சத்துதான் மழைக்காலத்தில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உப்பைக் கசிய வைக்குது. நல்ல சூட்டில் சுட்டால் அது மாறிப் போய் உப்பு பொலபொலன்னு இருக்கும். பலன் அவ்வளவுதான். சுட்ட உப்பு சர்க்கரையைக் குறைக்கும், இரத்தக் கொதிப்பைக் குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. எந்த உப்பாக இருந்தாலும் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கணும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு சின்ன டீஸ்பூன்.

விறகுக் கணக்கு

இனி நோட்டை எடுங்க, கணக்குப் போடுவோம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் ஓட்டவும் எழுதவும் கத்துக்கிட்ட மாவட்டம் இது. கணக்குக்குப் பயப்படக் கூடாது.

ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சாப்பாட்டு உப்பு ஏறக்குறைய 27 கிராம் இருக்கு. அப்போ ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் தண்ணி காய்ச்சணும். மூணு கல் அடுப்பில் ஒரு கிலோ விறகு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணியைத்தான் வற்ற வைக்கும். ஆக, ஒரு கிலோ உப்புக்கு முப்பத்தஞ்சு கிலோ விறகுக்கு மேல் ஆகும்! இது தொழிலா? ஊர்க் காட்டை எரிச்சு உப்பாக்குகிற வேலை.

அதனால்தான் போஹோல்காரங்க சாம்பலில் வடிச்சாங்க, நம்ம ஊர்க்காரங்க உவர் மண்ணில் வடிச்சாங்க. அடுப்பில் ஏற்றும் முன்னாடியே தண்ணியைக் கெட்டியாக்கிக்கிட்டாங்க. உப்பளத்தில் இந்த வேலையை வெயில் செய்யுது. உப்பு இறங்கும் பக்குவத்துக்கு வந்த தண்ணியில், லிட்டருக்கு 300 கிராம் போல உப்பு இருக்கும். அதைக் காய்ச்சினால் ஒரு கிலோ உப்புக்கு மூணு கிலோ விறகு போதும்.

சரி, மூணு கிலோ விறகு என்றே வைச்சுக்குவோம். ஒரு நாளைக்குப் பத்து கிலோ உப்பு செய்தால் 30 கிலோ விறகு. உங்க ஊர் விறகு விலையைப் போடுங்க. கெட்டித் தண்ணியை உப்பளத்திலிருந்து கொண்டு வரும் வண்டி வாடகையைப் போடுங்க. ஒவ்வொரு தடவையும் உடையும் மண் சட்டி விலையைப் போடுங்க. பாக்கெட், சீட்டு, டவுனுக்குப் போகும் பஸ் செலவைப் போடுங்க. கடைசியில் உங்க கூலி. இதைத்தான் நம்ம பெண்கள் எப்பவும் எழுதுவதில்லை! "வீட்டு வேலைதானே" என்று விட்டுடறோம். நாள் முழுக்க அடுப்பு முன்னால் உட்கார்ந்தவளுக்கு நூறு நாள் வேலைக் கூலிக்குக் குறையாமல் கணக்கில் எழுதணும். எல்லாம் கூட்டிப் பத்தால் வகுத்தால் வருவது ஒரு கிலோவின் அடக்க விலை. அதையும் கடையில் இருக்கும் உப்பு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்க. அந்த வித்தியாசத்தைக் கொடுத்து வாங்க யார் இருக்காங்க, பெயர் சொல்ல முடியுமா? முடிஞ்சால் தொழில். முடியலைன்னா ஆசை.

இன்னொன்று, புகை. 30 கிலோ விறகு தினமும் எரிஞ்சால் அந்தப் புகை யார் நெஞ்சுக்குள் போகும்? கண்ணும் நுரையீரலும் கெட்டபின் மருத்துவச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவீங்க?

அயோடின் சட்டம்

இதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்க. நம்ம நாட்டில் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு என்று விற்பது சட்டப்படி குற்றம். 2006 மே 17 முதல் நாடு முழுக்க இந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. இப்போ உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளிலும் இது இருக்கு. கையால் செய்த உப்பு, சுட்ட உப்பு, பெண்கள் குழு உப்பு என்று சொன்னாலும் விலக்கு இல்லை.

"கடல் உப்பிலேயே அயோடின் இருக்குமே" என்று சிலர் சொல்வாங்க. கடல் தண்ணியிலிருந்து எடுக்கும் உப்பில் அது இருப்பது மிகமிகக் கொஞ்சம். நம்ம தேவைக்குக் காணாது. அயோடின் குறைஞ்சால் முன்கழுத்துக் கழலை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து வயிற்றுப் பிள்ளைக்கு. கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிழைச்சாலும் மூளை வளர்ச்சி குறையலாம். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கு 250 வேணும். ஆயுசு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன்தான். ஆனால் தினமும் வரணும்.

2018-19-இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுமைக்கும் 76.3 சதவீதம். நம்ம தமிழ்நாட்டில் 61.9 சதவீதம்தான். எல்லா மாநிலத்திலும் கடைசி நாமதான்! குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளையும் மாநிலம், உப்பைச் சரியாகச் சாப்பிடுவதில் கடைசி. தெருவில் மூட்டையில் வரும் சாதாரணக் கல் உப்பை நாம விரும்பி வாங்குவது ஒரு காரணம். கல் உப்பு பிடிக்கும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பு என்று சீட்டைப் பார்த்து வாங்குங்க. மூடி போட்ட டப்பாவில் வையுங்க. குழம்பு இறக்கும் நேரத்தில் போடுங்க. தினச் சமையல் உப்பை வறுக்காதீங்க.

"நாங்களே அயோடின் கலந்துக்கிறோம்" என்று சொல்லலாம். ஒரு டன் உப்புக்குச் சேர்க்க வேண்டிய பொட்டாசியம் அயோடேட் 50 கிராம் போலத்தான். ஒரு கிலோவுக்கு ஒரு சிட்டிகை கூட இல்லை. அதைக் கைக்கணக்கில் கலக்கவே முடியாது. ஒரு பாக்கெட்டில் அதிகம் போகும், இன்னொன்றில் இல்லாமலே போகும். அதற்குக் கருவியும் பரிசோதனையும் வேணும்.

அப்போ என்ன செய்யலாம்?

மனு கொடுத்த குழு மனம் தளர வேண்டாம். அதே சட்டம் ஒரு வழியும் விட்டிருக்கு. பொருளைப் பதப்படுத்தவும், மாட்டுக்கும், தொழிலுக்கும் என்று சீட்டில் தெளிவாக எழுதி அயோடின் சேர்க்காத உப்பை விற்கலாம். நம்ம கடலோரத்தில் உப்பு எங்கே அதிகம் செலவாகுது? கருவாட்டில்! கருவாடு போடும் நம்ம பெண்கள் அழுக்கு உப்பைச் சில்லறையாக வாங்கி நஷ்டப்படறாங்க. மண்ணும் கசப்பும் உள்ள உப்பில் போட்ட கருவாடு ஈரம் கக்கும், நிறம் மங்கும், விலை இறங்கும். நல்ல உப்பை மூட்டை மூட்டையாகக் குழுக்கள் சேர்ந்து வாங்கி, உறுப்பினர்களுக்குப் பங்கிட்டால் முதல் மாதமே மிச்சம் கையில் தெரியும். இதற்கு விறகு வேண்டாம், புகை இல்லை.

அடுப்பு உப்பையே செய்து பார்க்கணும் என்றால், ஒரே ஒரு சட்டி செய்யுங்க. கடன் வாங்காமல், குழுச் சேமிப்பில் சின்னத் தொகையை எடுத்துச் செய்யுங்க. செலவு முழுக்க எழுதுங்க. ஒத்தடத்துக்கு, காலை ஊற வைக்க என்று விற்க முடியுமா என்று பாருங்க. ஆனால் உவர் மண்ணைச் சுரண்டிச் சாப்பாட்டு உப்பு எடுக்கப் போகாதீங்க. அந்த மண்ணில் வெடியுப்பு, சவுட்டு உப்பு என்று பலதும் கலந்திருக்கும். இன்னைக்கு உர மருந்தும் சேர்ந்திருக்கும்.

ஆகவே என் யோசனை மூன்று. ஒன்று, அடுப்பு உப்புக்கான கடனை இப்போதைக்கு நிறுத்தி வைச்சு, ஒரு சட்டிக் கணக்கு வந்த பிறகு பேசுவோம். இரண்டு, கருவாட்டுக் குழுக்கள் உப்பைச் சேர்ந்து வாங்க ஒரு சுழல் நிதி ஒதுக்குவோம். மூன்று, அடுத்த மாதம் ஒவ்வொரு குழுவும் ஐந்து வீட்டு உப்பைச் சின்னப் பொட்டலத்தில் கொண்டு வரணும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைத் திரவம் இருக்கும். உப்பில் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் ஊதா நிறமாகும். இல்லைன்னா வெள்ளையாகவே இருக்கும். யார் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்காங்களோ, அந்த வீட்டு உப்பை முதலில் பார்ப்போம்.

"உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று" என்று பழமொழி சொல்வாங்க. அது விதியை நொந்து சொன்னது. வானத்தைப் பார்த்துக் கிளம்பினவளுக்கு மழை திடீர்னு வராது. 1887-இல் நம்ம உப்பைப் பற்றி வேறு யாரோ பேசி முடிச்சாங்க. இன்னைக்கு நம்ம உப்பைப் பற்றி நாமளே உட்கார்ந்து பேசறோம். கணக்கும் நம்ம கையில், தீர்மானப் புத்தகமும் நம்ம கையில். மூன்று யோசனைகளையும் உங்க குழுக் கூட்டத்தில் படிச்சு, ஒத்துக்கிட்டால் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒத்துக்கலைன்னா ஏன் என்று எழுதிக் கொண்டு வாங்க, அதையும் பேசுவோம்.